மில் ஓடுது, தொழில் நகரேல்லை: அன்றாட அலுவலுக்குள் அகப்பட்ட அடுத்த ஐந்து வருசம்

தங்கச்சி, வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் மிளகாய்த்தூள், சரக்குத்தூள், ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மா அரைத்துப் பக்கற் செய்து குடாநாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறீர்கள். பன்னிரண்டு பேர் வேலை. கணவர் வான் ஓடுகிறார். விடிய ஐந்து மணிக்கு வறுக்கத் தொடங்கினால் இரவு கணக்கு முடிக்கப் பத்து மணியாகிறது. புது வறுக்கும் மெசின், கொழும்பு சூப்பர்மார்க்கெட், லண்டனுக்கு முறையான ஏற்றுமதி என்று மூன்று யோசனைகள் சில வருசமாகத் தலைக்குள் கிடக்கின்றன, ஒன்றும் நகரவில்லை. "அன்றாட அலுவலையும் நீண்டகாலத் திட்டத்தையும் எப்படிச் சமப்படுத்துறது? சீதனக் காணி உறுதியை வங்கியில வைச்சு மெசின் எடுக்கலாமோ?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் யாழ்ப்பாணத்து வியாபாரிகளின் கணக்குப் புத்தகங்களோடு காலம் போக்குகிற கணக்காளன். பெரிய கொம்பனிகளின் திட்டமிடலைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. பத்து, இருபது பேர் வேலை செய்கிற தொழிலில் எது நகரும், எது கிடந்துபோகும் என்பதைப் பேரேடு காட்டிவிடும். அந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

கிழமையில் ஒரு நாளைத் திட்டமிடலுக்கு ஒதுக்குங்கோ என்று பலர் சொல்லியிருப்பார்கள். கேட்க நல்லாயிருக்கும். உங்கள் மில்லில் அந்த நாள் வராது. வந்தாலும் பத்து மணிக்கு லொறிக்காரன் வந்து கூப்பிடுவான். உங்கள் மூன்று யோசனைகளும் அன்றாட வேலைக்குள்தான் அகப்பட்டுக் கிடக்கின்றன என்பது என் அபிப்பிராயம். மெசினுக்கான காசு கடைக்காரர்களிடம் நிற்கிறது. லண்டன் சந்தை நீங்கள் மிளகாய் காயவைக்கிற முற்றத்தில் தீர்மானமாகிறது. கொழும்புக்குப் போய்க் கதைக்க வேண்டிய நேரத்தை, உங்களை விட்டால் வேறு ஆருக்கும் தெரியாத வேலைகள் தின்கின்றன. ஒரு நாளில் நூறு முடிவு எடுக்கிறீர்கள் என்றால் அதில் ஐந்தோ ஆறோதான் வருங்காலத்தைத் தொடுகிறவை. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு மிச்சத்தை மற்றவர்களிடம் விட வேண்டும். எதை வைத்திருப்பது, எதை விடுவது என்று பிரிக்கத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை முடிந்தது.

பிரிப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். இரண்டு கிழமைக்கு லாச்சிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி வையுங்கள். ஆர் வந்து என்ன கேட்டார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். "அக்கா, உரும்பிராய்க் கடைக்காரர் இன்னும் பத்துக் கிலோ கடனுக்குக் கேக்கிறார், குடுக்கவோ?" "மல்லி முடியப் போகுது, எவ்வளவு சொல்லுறது?" "பக்கற் சீல் பிடிக்குதில்லை." "நாளைக்கு லீவு தருவீங்களோ?" "கூட எடுத்தா விலை குறைப்பீங்களோ எண்டு கேக்கினம்." இரண்டாம் கிழமை முடிவில் பாருங்கள், கேள்விகளில் முக்கால்வாசி திரும்பத் திரும்ப வருகிறவை. திரும்பி வருகிற கேள்விக்கு முதலாளி தேவையில்லை. ஒரு விதி போதும். மல்லி ஐந்து மூட்டைக்குக் கீழே இறங்கினால் பத்து மூட்டைக்குச் சொல்லலாம். இன்ன கடைக்கு இவ்வளவுக்கு மேல் கடன் இல்லை. ஐம்பது கிலோவுக்கு மேல் எடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு கழிவு. இவற்றை மட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் உடனே, "விட்டா ஏமாத்திப் போடுவாங்கள்" என்பார்கள். பயத்தில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். இடுப்பில் சாவிக்கொத்தோடு எழுபது வயதுவரை கடையில் இருந்த முதலாளிமாரை நானும் கண்டிருக்கிறேன், அவர்களுக்குப் பிறகு அந்தக் கடை நின்றதையும் கண்டிருக்கிறேன். பயத்துக்கு மருந்து தொகைக்கு எல்லை வைப்பது. பத்தாயிரம் ரூபாவுக்கு உட்பட்டதை உங்கள் மூத்த ஆள் தானே முடிவெடுக்கட்டும், பின்னேரம் வந்து சொன்னால் சரி. மாதத்தில் ஒன்றிரண்டு பிழை வரும். அந்த நட்டம் உங்கள் காலைப்பொழுதுக்கு நீங்கள் கொடுக்கிற விலை. மலிவான விலை என்பேன்.

இனி உங்கள் கையிலேயே இருக்க வேண்டியவை.

முதலாவது கடன். யாழ்ப்பாணத்து வியாபாரத்தில் நீண்டகாலத் திட்டத்தைத் தின்கிற முதல் ஆள் கடன்கொப்பிதான். ஒரு உதாரணக் கணக்குப் போடுவோம். மாத விற்பனை 24 லட்சம், எல்லாம் கடனுக்கு, சராசரியாக 45 நாளில் காசு வருகிறது என்று வையுங்கள். எந்த நாளில் பார்த்தாலும் 36 லட்சம் உங்களுடையது வெளியே நிற்கும். அதை நிரப்ப 15 வீத வட்டியில் வங்கியில் ஓ.டி. (மேலதிகப்பற்று) எடுத்திருந்தால் வருசத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் வட்டி. மற்றவரின் கடைக்கு நீங்கள் முதல் போட்டு அதற்கு நீங்களே வட்டியும் கட்டுகிறீர்கள். 45 நாளை 30 ஆக்கினால் வெளியே நிற்பது 24 லட்சமாக இறங்கும். 12 லட்சம் ஒரே தடவையில் கைக்கு வரும். நீங்கள் வங்கியில் கேட்கப் போகிற மெசின் காசில் பெரும்பகுதி அதுவே.

எப்படி இறக்குவது? எல்லாக் கடைக்கும் ஒரே நாளில் "இனிக் கடன் இல்லை" என்றால் அடுத்த நாளே வேறு தூள் தட்டில் ஏறும். கடைகளை மூன்றாகப் பிரியுங்கள். சொன்ன நாளில் தருகிறவர், இழுத்தாலும் தருகிறவர், செக் திரும்பி வருகிறவர். முதலாமவருக்கு இன்னும் சலுகை கொடுங்கள். கைக்காசுக்கு எடுத்தால் இரண்டு வீதம் கழியுங்கள். மூன்றாமவருக்குச் சாமான் கொடுப்பதை நிறுத்திப் பழையதை மாதாமாதம் பிரித்து வாங்குங்கள். அதிக நேரம் தேவைப்படுவது நடுவில் நிற்பவருக்கு. அவர் பெரும்பாலும் சொந்தக்காரர், அல்லது கணவரோடு படித்தவர். அங்கே வானில் போகிறவர் கேட்கக்கூடாது; நீங்களே போய் ஒரு பிளேன்ரீ குடித்துக் கதைத்துவிட்டு வாருங்கள்.

நீங்கள் கொடுத்த பின்திகதிச் செக்குகளையும் சேர்த்துப் பாருங்கள். வங்கியில் 8 லட்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, வருகிற மூன்று கிழமையில் 11 லட்சத்துக்குச் செக் எழுதி வைத்திருப்பவர்கள் எங்கள் ஊரில் நிறைய. அது வட்டி எழுதாத கடன். ஒரு நாட்குறிப்பில் திகதி வாரியாக எழுதி, ஒவ்வொரு திங்கட்கிழமையும் வங்கி மீதியில் இருந்து அதைக் கழித்துப் பாருங்கள். காசுப் பாய்ச்சல் கூற்று என்று பெரிய பெயரில் நாங்கள் செய்து தருவதும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

இரண்டாவது, கொள்வனவும் விலையும். செத்தல் மிளகாயில் பெரும்பகுதி இந்தியாவில் இருந்து வருகிறது. ஆந்திராவின் குண்டூர்ப் பக்கத்தில் மாசி, பங்குனியில் புது விளைச்சல் சந்தைக்கு வரும்போது ஒரு விலை, மற்றக் காலத்தில் வேறு விலை. அதற்கு மேலே டொலர், அதற்கு மேலே அரசாங்கம் கூட்டிக் குறைக்கிற இறக்குமதி வரி. ஆகவே மிளகாய் எப்போது, எவ்வளவு வாங்குவது என்பதை ஸ்ரோரில் நிற்கிற பொடியனிடம் விடக்கூடாது.

2022 ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தரத்தில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மார்ச் கடைசியில் கரண்ட் வெட்டு நாளுக்கு 13 மணிவரை போனது. அந்த மாதங்களில் விழுந்த கடைகளின் கணக்கைப் பார்த்தால் அவை நட்டத்துக்கு விற்கவில்லை, இலாபத்துக்குத்தான் விற்றன. 1,000 ரூபாவுக்கு வாங்கிய சரக்கை 1,200 க்கு விற்றார்கள். திரும்ப அதே சரக்கை வாங்கப் போனால் 1,700. கையில் காசு இருந்தது, இருப்பைத் திரும்பக் கட்ட ஏலவில்லை. ஆக, விலை போடும்போது வாங்கிய விலையைப் பார்க்காமல் திரும்ப வாங்க என்ன செல்லும் என்று பார்க்க வேண்டும். டொலர் அடங்கி நிற்கிற காலத்தில் இரண்டு விலைக்கும் வித்தியாசம் சின்னது, அதனால் பலர் மறந்துவிட்டார்கள். மாதத்தில் ஒரு நாள் நீங்களே உட்கார்ந்து இந்தக் கணக்கைப் பாருங்கள்.

ஒடியலில் கதை வேறு. கிழங்கு கிண்டிக் காயவைக்கிற காலம் வருசத்துக்கு ஒரு தரம், தை தொடங்கிப் பங்குனிக்குள் முடிந்துவிடும். முழு வருசத்துக்கும் தேவையானதை அந்த இரண்டு மூன்று மாதத்தில் வாங்கி வைக்க வேண்டும். அதற்கான காசு மார்கழியில் கையில் இருக்க வேண்டும் என்றால் ஐப்பசியிலேயே கடன்களை இறுக்கத் தொடங்க வேண்டும். சமப்படுத்துவது பற்றிக் கேட்டீர்களே, இந்த மூன்று மாதத் தூரத்தைப் பார்க்கப் பழகினால் மூன்று வருசத் தூரமும் மெல்ல மெல்லக் கண்ணுக்குத் தட்டுப்படும்.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்குத் தூரப்பார்வை இல்லை என்று வெளியில் இருந்து வருகிறவர்கள் லேசாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். தூரத்தைப் பார்த்துத் தொழில் செய்த ஊர்தான் இது. சவர்க்காரம் செய்து விற்ற மில்க்வைற் கனகராசா ஊரெல்லாம் பனை நடச் சொன்னார். பனை காய்க்கப் பதினைந்து இருபது வருசம் செல்லும். 1950 இல் தொடங்கிய காங்கேசன்துறை சீமெந்து ஆலை போரால் 1990 இல் நின்றது. 1995 இல் அதே போரில் ஊரே எழும்பிப் போனது. 2006 ஆகஸ்டில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை முகமாலையில் மூடப்பட்டபோது, அதற்கு முந்தைய நாலு வருசத்தில் பாதையை நம்பிக் கடையைப் பெருப்பித்தவர்கள் கடனோடு நின்றார்கள். நகையும் காசுமாக வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். திட்டம் போட்டவன் தோற்று, போடாதவன் தப்புவதை முப்பது வருசம் பார்த்த சமூகத்துக்கு, "ஐந்து வருசத் திட்டம்" என்றால் சிரிப்பு வருவது இயல்பு. 2022 வந்து அந்தச் சிரிப்பை இன்னும் உறுதிப்படுத்திவிட்டது.

ஆனபடியால் "2030 இல் மாத விற்பனை ஒரு கோடி" என்கிற மாதிரித் திட்டம் எழுதச் சொல்லமாட்டேன். கெட்டகாலம் வந்தால் உங்களைப் பூட்டி வைக்காத, நல்லகாலம் வந்தால் உடனே பாயக்கூடிய நிலையில் தொழிலை வைத்திருப்பதுதான் இங்கே பொருத்தமான திட்டம். கேட்பதற்கு மட்டும் நாலு கேள்வி வையுங்கள். நாளைக்கு விற்பனை பாதியானால் எத்தனை மாதம் சம்பளம் கொடுக்கலாம்? வட்டி இரண்டு மடங்கானால் எந்தக் கடன் கழுத்தை நெரிக்கும்? ஒரே ஒரு கடைக்காரர், ஒரே ஒரு இறக்குமதிக்காரர் விலகினால் என்ன ஆகும்? எனக்கு மூன்று மாதம் சுகமில்லாமல் போனால் ஆர் பார்ப்பது? பதில் இல்லாத கேள்வி எதுவோ அதுவே உங்கள் அடுத்த வருச வேலை.

இலாபம் எங்கே போகிறது என்பதும் இதோடு சேர்ந்தது. லாச்சியில் கைவைத்து வீட்டுச் செலவு, பிள்ளையின் ரியூசன், கொண்டாட்டத்துக்கு மொய் எல்லாம் போகிறவரை உங்கள் மில் இலாபமா நட்டமா என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. உங்களுக்கும் கணவருக்கும் மாதச் சம்பளம் என்று ஒரு தொகை வையுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் கடனாக எழுதி எடுங்கள். நகை வாங்குவதையும் காணி வாங்குவதையும் குறை சொல்லமாட்டேன், அவை எங்கள் காப்புறுதி. ஆனால் மில்லின் இலாபத்தில் மூன்றில் ஒரு பங்கு மில்லிலேயே தங்க வேண்டும் என்று உங்களுக்குள் ஒரு தீர்மானம் இருக்கட்டும்.

மூன்றாவது, மிளகாய் காய்கிற முற்றம். லண்டனுக்கு அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். விடுமுறைக்கு வந்து போகிறவர்களின் சூட்கேசில் போவதும், பார்சலில் மச்சாளின் கடைக்குப் போவதும் ஏற்றுமதியில் சேராது. முறையாகக் கொன்ரெயினரில் போனால் அங்கே துறைமுகத்தில் பூஞ்சண நச்சைப் பார்ப்பார்கள். அஃபிளரொக்சின் என்று பெயர். மிளகாய்க்கு ஐரோப்பாவிலும் பிரித்தானியாவிலும் எல்லை கிலோவுக்கு பி1 வகை 5 மைக்ரோகிராம், மொத்தமாக 10 மைக்ரோகிராம். அவ்வளவு சின்ன அளவு. ஈரம் முழுக்கப் போகாத மிளகாயைச் சாக்கில் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்; அரைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது; வறுத்தாலும் நச்சு முழுதாகப் போகாது. சாயத்தையும் பார்ப்பார்கள். 2005 இல் சுடான் 1 என்ற தொழிற்சாலைச் சாயம் கலந்த மிளகாய்த்தூள் ஒரு சோஸுக்குள் போய், அதன் வழியாகப் பிரித்தானியாவில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருட்களைத் தட்டில் இருந்து இறக்கினார்கள். அன்றிலிருந்து தூள் என்றாலே சந்தேகக் கண்தான்.

நிலத்தில் நேரே பரப்பாமல் மேசை உயரத்தில் வலையில் காயவைப்பது, ஈரமானி ஒன்று வாங்கி ஒவ்வொரு சாக்கையும் பார்ப்பது (பத்து, பதினொரு வீதத்துக்கு மேல் போகக்கூடாது), சுவரில் முட்டாமல் பலகை மேல் அடுக்குவது, எந்த மூட்டையில் இருந்து எந்த நாள் அரைத்தது என்று பக்கற்றில் இலக்கம் போடுவது: இவை நாலும் நாளாந்த வேலை. இதற்கு வங்கிக் கடன் வேண்டாம், ஆலோசகரும் வேண்டாம். ஆறு மாதம் இப்படி ஓடிய பிறகு கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற ஓர் ஆய்வுகூடத்துக்கு மாதிரி அனுப்புங்கள். அறிக்கை நல்லாய் வந்தால் ஏற்றுமதி அபிவிருத்திச் சபைக்குப் போகலாம், மச்சாளையும் ஒழுங்கான இறக்குமதிக்காரர் ஆக்கலாம். அறிக்கை சரியில்லை என்றால் மெசின் வாங்கியும் பலன் இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் மூன்று யோசனையில் இதைத்தான் முதலில் தொடங்குவேன். உள்ளூர்ப் பிள்ளைகளும் அதே தூளைத்தானே சாப்பிடுகிறார்கள்.

கொழும்பு சூப்பர்மார்க்கெட்டைப் பற்றிச் சுருக்கமாக. அங்கே கேட்பவை: பட்டைக்குறி, மூன்று மொழி லேபல், விற்காததைத் திருப்பி எடுப்பது, நீண்ட கடன். கடைசி இரண்டும் உங்களைக் கொல்லும். 36 லட்சம் வெளியே நிற்கிற நிலையில் அங்கே போவது நெருப்புக்கு விறகு. கடன்நாள் இறங்கின பிறகு யோசிக்கலாம். அதற்கு முதல் வெள்ளவத்தையில் எங்கள் ஆட்களின் கடைகள் நாலைந்தில் கைக்காசுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

நாலாவது ஆட்கள். 2023, 2024 இல் விசிட் விசாவில் கனடாவுக்குப் போனவர்களால் எத்தனை கடை, எத்தனை அலுவலகம் தடுமாறியது என்று எல்லாருக்கும் தெரியும். உங்கள் மில்லில் வறுக்கிற பக்குவம் ஒரு அக்காவின் கையில்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நாளைக்கு அவவின் மகன் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டால்? இந்த மாதமே அவவோடு ஒரு தராசையும் மணிக்கூட்டையும் வையுங்கள். எவ்வளவு மிளகாய், எவ்வளவு மல்லி, எந்த நிறத்தில் இறக்குவது என்று அளந்து எழுதுங்கள். இரண்டாவது ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திப் பழக்குங்கள். அக்காவுக்குச் சந்தேகம் வரும், தன்னை நிறுத்தப் போகிறார்கள் என்று. ஆகவே சம்பளத்தைக் கூட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

சம்பளத்தில் வருங்காலச் செலவையும் பாருங்கள். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவானது, 2026 ஜனவரியில் 30,000 ரூபா. அதற்கு மேலே ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். இதை ஒளிக்கப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்; சூப்பர்மார்க்கெட்டோ வெளிநாட்டு வாங்குநரோ வந்து பார்க்கிற நாளில் அது திரும்பிக் கடிக்கும். பணிக்கொடையை இங்கே ஆரும் கணக்கில் எடுப்பதில்லை. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில், ஐந்து வருசம் முடித்த மாதச் சம்பளக்காரர் விலகும்போது வருசத்துக்கு அரைமாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். 40,000 ரூபா எடுக்கிறவர் எட்டு வருசத்தில் விலகினால் 1 லட்சத்து 60 ஆயிரம். நீங்கள் பன்னிரண்டில் நிற்கிறீர்கள். பதினைந்தாவது ஆளை எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுக்கிற மாதத்தில் இருந்து இதற்கென்று ஒரு தொகையைப் புறம்பாகப் போட்டு வாருங்கள். பெறுமதி சேர் வரியும் அப்படித்தான். பதிவுக்கான எல்லையை 2024 ஜனவரியில் ஆண்டுக்கு 80 மில்லியனில் இருந்து 60 மில்லியன் ஆக்கினார்கள், வரி வீதத்தை 18 ஆக்கினார்கள். மாதம் 24 லட்சம் என்றால் வருசத்துக்கு 28.8 மில்லியன். எல்லை கீழே வந்துகொண்டே இருக்கும், உங்கள் விற்பனை மேலே போகும் என்று நினைத்து இன்றைக்கே ஒவ்வொரு பில்லையும் ஒழுங்காக வையுங்கள்.

இனி "எப்ப இருந்து யோசிக்கிறது?" என்ற கேள்வி. எங்கள் வருசத்துக்கென்று ஒரு போக்கு இருக்கிறது. தைப்பொங்கலுக்கு முன்னும் சித்திரைக்கு முன்னும் கடைகள் எடுக்கும். ஆடி, ஆவணியில் நல்லூர்க் கொடியேறி இருபத்தைந்து நாள் திருவிழா, வெளிநாட்டுப் பிள்ளைகளின் விடுமுறையும் அதோடு சேரும், ஆளாளுக்குத் தூள் கட்டிக் கொண்டு போவார்கள். அந்த மாதங்களில் திட்டம் என்று வாயே திறக்காதீர்கள், விற்கிற வேலையைப் பாருங்கள். ஐப்பசி பிற்பகுதியில் இருந்து மார்கழி வரை மழை. வெயிலில் காயவைக்க ஏலாது, வேலை இயல்பாகவே மந்தம். யோசிக்கிற காலம் அது. கார்த்திகையில் ஒரு முழுநாள், மில்லுக்கு வெளியே, போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டு. நவம்பர் 30 க்கு முன் வருமான வரி விபரத்திரட்டுக் கொடுக்க வேண்டும் என்பதால் போன நிதியாண்டுக் கணக்கும் அந்த நேரம் உங்கள் கணக்காளரிடம் முடிந்திருக்கும். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஐந்தொகையில், அதாவது சொத்தையும் கடனையும் காட்டுகிற கூற்றில், விளங்காத இடம் எதுவானாலும் விளங்குமட்டும் கேளுங்கள், அவருக்குக் காசு கொடுப்பது அதற்குத்தான். சித்திரை முடிந்து வைகாசியில் ஒரு அரைநாள், கார்த்திகையில் எழுதியது நடந்ததா என்று பார்க்க. வருசத்துக்கு இந்த ஒன்றரை நாள் போதும்.

அதோடு, வருசத்தில் ஒரு தரமாவது மூன்று நாள் மில்லுக்குப் போகாமல் இருந்து பாருங்கள். திருக்கோணேச்சரமோ கதிர்காமமோ போய் வாருங்கள். திரும்பி வந்து என்னென்ன நின்றது, ஆர் என்ன செய்யத் தெரியாமல் முழித்தார்கள் என்று எழுதுங்கள். அடுத்த வருசம் பழக்க வேண்டியவற்றின் பட்டியல் உங்கள் கையில் இருக்கும்.

கடைசியாகக் காணி உறுதி. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பொருந்துகிற குடும்பம் என்றால் உங்கள் சீதனக் காணியை ஈடுவைக்கக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. வங்கியும் அதைக் கேட்கும். அது பெரிய தடை இல்லை. நான் யோசிப்பது வேறு பக்கம். 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம், கடன் நின்றால் நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் போடுகிற அதிகாரத்தை வங்கிகளுக்குக் கொடுக்கிறது. பரேட் என்று பேப்பரில் வருவது அதுதான். நெருக்கடியில் விழுந்த தொழில்களுக்காக 2024 இல் அதை நிறுத்தி வைத்தார்கள். அந்தச் சலுகையும் 2025 மார்ச் 31 உடன் முடிந்தது. உங்கள் கடன் தொகைக்கு அது பொருந்துமா என்று கையெழுத்து வைக்க முதல் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். குடியிருக்கிற வீடு நிற்கிற அந்தக் காணியை ஒரு வறுக்கிற மெசினுக்காக வைப்பதற்கு நான் உடன்படமாட்டேன்.

மெசின் 18 லட்சம் என்று வைப்போம். கடன்நாளைக் குறைத்து வருகிற 12 லட்சத்தில் எட்டை முற்பணமாகப் போடுங்கள். மிச்ச நாலு லட்சம் ஒடியல் வாங்கவும் கெட்டகாலத்துக்கும் கிடக்கட்டும். பத்து லட்சத்துக்கு லீசிங் எடுங்கள். மெசினே பிணை, வீடு வெளியே நிற்கும். வட்டி கொஞ்சம் கூடவாகத்தான் இருக்கும். நிலையான வட்டியா, மாறுகிற வட்டியா என்று எழுத்தில் வாங்குங்கள். ரொறன்ரோவில் இருந்து மாமா காசு தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்ல வேண்டாம், கடனா பங்கா என்று முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். "பிறகு பாப்பம்" என்று வாங்கிய காசில் உடைந்த குடும்பங்களின் கோவைகள் என் அலுமாரியிலும் இருக்கின்றன. விற்பனைக்காரரிடம் இரண்டு விசயம் கேளுங்கள்: கரண்ட் இடையில் நின்றால் உள்ளே இருக்கிற மிளகாய் என்ன ஆகும், உதிரிப்பாகம் யாழ்ப்பாணத்தில் கிடைக்குமா அல்லது கொழும்பில் இருந்து வரவேண்டுமா. இரண்டுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் இன்னொரு ஆளிடம் விலை கேளுங்கள். கடன்கொப்பியை ஒருதரம் படம் எடுத்து அனுப்பினால், எந்தக் கடை எந்தப் பிரிவு என்று நான் குறித்துத் தருகிறேன்.